எந்தக் கரை?

ஆய்வுக்கூடத் தொட்டியில், முதுகுத் துடுப்பில் சிவப்பு மணி கட்டியிருந்த ரோகு மீனுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. புதிதாக வந்து சேர்ந்த மஞ்சள் மணி ரோகுவை அது விடாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

"தம்பி எந்தக் குளம்?"

"புதுக்குளம்ண்ணே."

"அது சரி, குளத்துல எந்தக் கரை?"

மஞ்சள் மணி தொட்டியின் மூலைக்கு ஒதுங்கிப் போனது.

"பார்த்தியா, முழிக்கிறான்" என்று பெரிய தலைக் கட்லாவிடம் கிசுகிசுத்தது சிவப்பு மணி. "இவன் கலப்பு. ரத்தம் எடுத்திருக்காங்கல்ல, தெரிஞ்சுபோயிடும்."

மறுநாள் ஆய்வாளர் ரெஜினா ஒரு ஜெல் தகட்டைத் தொட்டியருகே விளக்கின்மேல் வைத்தாள். மின்சாரம் பாய்ச்சிப் பிரித்த ரத்தப் புரதங்கள் அதில் நீலக் கோடுகளாக நின்றன. முதல் வரிசை கட்லாவின் தினுசு, அடுத்தது ரோகுவின் தினுசு. மூன்றாவதில் இரண்டும் சேர்ந்து கிடந்தன.

"நான் அப்பவே சொல்லல?" என்று துள்ளியது சிவப்பு மணி.

ரெஜினா அவரவர் மணியின் நிறத்தில் வரிசைகளுக்குக் கீழே புள்ளி வைத்தாள். மூன்றாவதற்கு வைத்தது சிவப்பு.

"அட, நீங்க நமக்குச் சொந்தமா!" என்று கட்லா ஆசையாக நெருங்கியது.

சிவப்பு மணி விலகிக் கண்ணாடியோரம் போனது. அங்கே தெரிந்த தன் பிம்பத்தையே வெகுநேரம் உற்றுப் பார்த்தது.

"நீ எந்தக் கரை?" என்று கேட்டது.