எல்லாப் படங்களிலும் ஒரே மாலை

அப்பாவின் காரியத்துக்காக அவர் படத்தில் ஒரு ரோஜா மாலையைச் சேர்த்தாள் மதிவதனி. ஒரு படத்தில் ஒருவரைத் திருத்தினால், அவர் இருக்கிற எல்லாப் படங்களையும் அப்படியே திருத்திவிடும் செயலி அது. அழுகையில் அவளுக்கு அது நினைவில்லை.

கூடத்துத் திரையில் ஆல்பம் ஓடத் தொடங்கியதும் அம்மா அலறினாள். குற்றால அருவியில் நனைகிற அப்பாவின் கழுத்தில் மாலை. மதிவதனியை ஸ்கூட்டரில் பள்ளிக்கு அழைத்துப் போகிற அப்பாவின் கழுத்திலும் அதே மாலை.

"படத்துல உசுரோட இருக்கற மனுசனுக்கு எதுக்குடி இதப் போட்ட? கழட்டு!"

மதிவதனி திருத்த வரலாற்றைத் திறந்து, 'மாலை சேர்த்தல்' என்றிருந்த வரியை அழித்தாள். எல்லா மாலைகளும் மறைந்தன. செயலிக்கு வித்தியாசம் தெரியாமல், கல்யாணப் படத்தில் அப்பா போட்டிருந்த நிஜ மாலையும் சேர்ந்தே போய்விட்டது. மணமேடையில் அம்மா மட்டும் மாலையோடு நின்றாள். பக்கத்தில் அப்பா வெறுங்கழுத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, திருப்பிப் போடு, திருப்பிப் போடு."

போட்டாள். எல்லாப் படங்களுக்கும் மாலை திரும்பி வந்தது. அம்மா எழுந்து போய்க் கல்யாணப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏன்டி, இது நான் போட்ட மாலையா, நீ போட்ட மாலையா?"