கை மடியில

மகளுக்கு ஓட்டிசம் என்று தெரிந்த நாளிலிருந்து நிரோஜினிக்கு ஒரே ஆசைதான். நாலு வயது அபிநயா யாரையாவது முகம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

பயிற்சி கொடுக்க வந்த சோபனா முதல் வேலையாக ஜன்னலைப் பூட்டச் சொன்னாள். விடிந்தால் ஜன்னலடியில் நின்று இரண்டு கையையும் படபடவென்று அடிப்பதுதான் அபிநயாவின் வழக்கம்.

"அதை விட்டால்தான் அக்கா, எங்களைப் பார்ப்பா."

"கை மடியில" என்றதும் கையை மடியில் வைத்தால் ஒரு துண்டு சொக்லேட். அழுகையும் பிடிவாதமுமாக மாதங்கள் போயின. கடைசியில் பிள்ளை அடங்கினாள். சொன்னால் கண்ணையும் பார்த்தாள். நிரோஜினி கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை, அதிகம் கதைத்துப் பழகாத எதிர்வீட்டு றுமானா வாசல் படலையடியில் வந்து நின்றாள்.

"புள்ளைக்குச் சுகமில்லையா அக்கா?"

"நல்ல சுகம். ஏன் கேக்கிறீங்கள்?"

"எங்கட மகன் ஸஜ்ஜாதும் கதைக்கமாட்டான். என்னக்கூடப் பாக்கமாட்டான். ஒங்கட புள்ளையத்தான் பாப்பான். காலையில ரெண்டு பேரும் ஜன்னலுக்கு ஜன்னல் கையடிச்சுக் கதைப்பாங்க. இப்ப நாள் தவறாம, பூட்டின ஜன்னலப் பாத்து அவன் தனிய அடிச்சிக்கிட்டு நிக்கிறான்."

நிரோஜினி உள்ளே ஓடி ஜன்னலைத் திறந்தாள். எதிரே ஸஜ்ஜாதின் கைகள் படபடத்துக்கொண்டிருந்தன. மகளைக் கதிரையில் ஏற்றி இருத்தினாள்.

"கையை அடியுங்கோ குஞ்சு. அங்க பாருங்கோ."

அபிநயா அங்கே பார்க்கவில்லை. கைகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, தாயின் கண்களையே நேராகப் பார்த்தாள்.