பிறைக்குளம்

நேற்றிலிருந்து அருள்நாயகம் தேடிக்கொண்டிருந்த தூக்க மாத்திரைப் போத்தல் மனைவியின் கைப்பைக்குள் கிடந்தது. மூக்குத் துடைக்க டிஷ்யூ எடுக்கலாமென்று பையைத் திறந்தவர், சுடுசட்டியைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

கார் நகரத்தின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு கோப்பிக் கடை வாசலில் நின்றது. கோப்பி வாங்க உள்ளே போன யோகராணி, பையைச் சீட்டில் விட்டிருந்தாள். கார்ச் சாவியை மட்டும் மறக்காமல் கையோடு கொண்டு போயிருந்தாள்.

டொக்டர் போன மாதம் அவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை. போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது.

மகன் ஜதுர்சன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. 401 நெடுஞ்சாலையில், பனி கொட்டிய ஒரு காலையில், வழுக்கிய காரை ஓட்டியவர் அருள்நாயகம். பெற்றவள் அதற்காக அவரை ஒரு சொல் குறை சொன்னதில்லை, வாய்விட்டு அழுததுமில்லை. அந்த அமைதிதான் அவரைப் பயமுறுத்தியது.

இன்றைய பயணமும் அவள் ஏற்பாடுதான். தென்சீனத்தில் இடிந்துகொண்டிருந்த ஒரு பழைய கல்விச்சாலையைப் பலகை பலகையாகக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து, நகரத்தின் வடக்கு ஓரத்தில் திரும்ப நிறுத்தியிருந்தார்கள். ஆறுதலாகப் பார்த்துவிட்டு வருவோம் என்றாள். 401 என்றாலே நடுங்குகிறவள், தானே ஓட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கிளம்புமுன் சாமியறையில் நெடுநேரம் நின்று கும்பிட்டதும் இப்போது நினைவுக்கு வந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது.

இனி அவளை விட்டு ஒரு முழம்கூட விலகுவதில்லை என்று முடிவு செய்தார். கலியாணம் கட்டிய இத்தனை காலத்தில் மனைவியை அவர் இவ்வளவு கவனமாகப் பார்த்தது கிடையாது. பழக்கமில்லாத வேலை என்பதால் கொஞ்சம் அப்பட்டமாகவே பார்த்தார். ஆச்சரியம், அவளும் விலகவில்லை.

கல்விச்சாலையின் உயரமான வாசற்படியைத் தாண்டினால் பிறை வடிவில் ஒரு குளம், அதன் மேல் ஒரு கல்பாலம். அந்தக் காலத்தில் பரீட்சையில் தேறியவர்கள் மட்டுமே அந்தப் பாலத்தில் நடக்கலாமாம் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். தண்ணீர் கறுத்து, அடி தெரியாமல் கிடந்தது.

குளத்தை ஒட்டிய ஒடுங்கிய பாதையில் யோகராணி தண்ணீர்ப் பக்கமாக நடந்தாள்.

"நீர் இஞ்சால வாரும்," என்றார்.

"பரவாயில்லை. நீங்கள் சுவர்க்கரையா நடவுங்கோ."

சொல்லிவிட்டுத் தண்ணீரையே பார்த்தாள். "எங்கட ஜதுவும் உந்தப் பாலத்தில நடந்திருப்பான்," என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு மகனின் பெயர் அவள் வாயில் வந்தது. அருள்நாயகம் அவளை இன்னும் ஒட்டி நடந்தார்.

மாணவர்கள் படுத்த அறைகள், எழுதிய மேசைகள் எல்லாம் பார்த்து முடிந்ததும் அவரைக் குளத்துக்கு எதிரே ஒரு வாங்கில் இருத்தினாள்.

"உதிலயே இருங்கோ. எழும்பக் கூடாது. நான் டக்கெண்டு வாறன்."

அவர் எழும்புவதற்குள் காவலாளியிடம் போய் ஏதோ சொன்னாள். மரியோ என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பெரிய மனிதர் அருள்நாயகத்தை ஒருதரம் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வாங்கருகில் வந்து நின்று, குளிர் வந்துவிட்டது, இலை கொட்டத் தொடங்கிவிட்டது என்று பேச்சுக் கொடுத்தார். எத்தனையோ இரவுகள் மூடாத கண்கள் அந்தப் பேச்சில் சொருகிவிட்டன.

திடுக்கிட்டு விழித்தபோது மனைவியைக் காணவில்லை. குளத்தின் கடைசிப் படியில் அவளுடைய கறுப்புச் சப்பாத்துகள் இரண்டும் அடக்கமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒருவருமில்லை.

"யோகா!"

ஓடினார். தண்ணீரின் விளிம்பை எட்டுமுன் மரியோ அவர் கையைப் பிடித்துவிட்டார். என் மனைவி தண்ணிக்குள் என்று ஆங்கிலத்தில் கத்தினார். மரியோ தண்ணீரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிடியை இறுக்கிக்கொண்டு, என்னோடு நில்லுங்கள் ஐயா, ஒன்றுமில்லை என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். இந்த மனுசனுக்கு என்ன பைத்தியமா என்று அருள்நாயகம் திமிறினார்.

சத்தம் கேட்டு, அந்தப் படிகளுக்கு மேலிருந்த மண்டபத்தின் கதவு திறந்தது. யோகராணி வெறுங்காலுடன் ஓடிவந்தாள். உள்ளே சீன ஆசானின் சிலைக்கு முன்னால் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் சப்பாத்தோடுதான் போய்ப் பார்த்தார்கள். அவளுக்கு மனம் வரவில்லை.

"சாமி மாதிரி இருந்தார். சப்பாத்தோட எப்பிடிப் போறது?" என்றாள்.

அருள்நாயகம் ஈரக் கல்லிலேயே குந்திவிட்டார். மகனின் செத்தவீட்டில்கூட வராத அழுகை இப்போது பொங்கி வந்தது.

"உம்மட பையுக்குள்ள அந்தப் போத்தலைக் கண்டனான். என்னைத் தனிய விட்டுட்டுப் போகவோ பாத்தனீர்?"

யோகராணி அவருக்கு முன்னால் மண்டியிட்டாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். மரியோ அப்போதும் அவர் கையை விடவில்லை.

"உதை நான் உங்கட தலகணி உறைக்குள்ள இருந்துதான் எடுத்தனான், அப்பா."