இடதுபுறம் திரும்பவும்

"இடது பக்கம் திருப்புங்க சம்பந்தி."

"இடது பக்கமா? அங்க ரோடே இல்லையே சம்பந்தியம்மா!"

"போன் சொல்லுது. திருப்புங்க."

ஸ்பிரிடோன் பிரேக்கை மிதித்தார். பழைய வேன் பனியில் வழுக்கிக் குலுங்கி நின்றது. இடது பக்கம், மரங்களுக்கு நடுவே வெள்ளையாய் ஓர் இடைவெளி. அதைப் பாதை என்று சொல்ல மனசு வர வேண்டும்.

"இது சுரங்கத்துக்குப் போன பழைய ரோடு. சுரங்கத்தை மூடினதோட இதையும் மறந்துட்டாங்க. நான் கடைசியா இதுல போனப்ப..." ரோமத் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தட்டிக் காட்டினார். "இங்க முடி இருந்துச்சு."

துயாராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டோமே என்று கூடவே ஒரு குறுகுறுப்பும் வந்தது.

"இருட்டுறதுக்குள்ள பசங்ககிட்ட போயாகணும் சம்பந்தி."

"எனக்கு மட்டும் தெரியாதா? என் பொண்ணும்தானே அங்க இருக்கா!" வேனைத் திருப்பினார்.

துயாராவின் மகன் ஐதாலும் ஸ்பிரிடோனின் மகள் நர்யானாவும் முந்தின நாளே காரில் கிளம்பியிருந்தார்கள். ஆற்றுக்கு அப்பால், நகரத்தில் இருக்கும் நர்யானாவின் அத்தை வீட்டில் நாளைக்கு நிச்சயதார்த்தம். பெரியவர்கள் இன்று வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. சைபீரிய யாகூத்தியாவின் ஜனவரியில் பகல் என்பது வந்த சுவடு தெரியாமல் போய்விடும். வெளியே மைனஸ் நாற்பது. இரவு பெய்த பனி எல்லாத் தடங்களையும் மூடியிருந்தது.

போனை அவள் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தாள். வெளியே எடுத்தால் குளிரில் செத்துப்போகும். "நேராகச் செல்லவும்" என்று அது உள்ளிருந்து பேசும்போதெல்லாம், தன் மனசாட்சிக்கே வேறொருத்தியின் குரல் வந்துவிட்டது போலிருந்தது. சந்தேகம் என்பதையே அறியாத குரல். எந்த முடிவையும் பத்துத் தடவை யோசித்தே எடுத்துப் பழகியவள், இன்று யோசிக்கவே கூடாது என்று காலையில் தீர்மானித்திருந்தாள். அந்தத் தீர்மானத்தில் பயம் இருந்தது. பயத்துக்கு அடியில், வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஒரு துள்ளலும் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அது எகிறியது.

பாதை இரண்டாகப் பிரிந்தது. ஸ்பிரிடோன் வலப்பக்கம் ஒடித்தார்.

"இடது! இடதுன்னு சொல்லுச்சு!"

"கை தானா திரும்பிடுச்சும்மா. வலது பக்கம்தான் மேட்டு வழி, பத்திரம். இடது பக்கம் நேரா ஆத்துல கொண்டுபோய் விடும். புத்தி உள்ளவன் எவனாவது அதுல போவானா?"

"உங்க புத்திக்கு இன்னைக்கு லீவு குடுங்க. ரிவர்ஸ் எடுங்க."

"லாரி ஓட்டியே கிழவனானவனுக்கு வழி சொல்ல, ஸ்டியரிங்கையே தொட்டுப் பார்க்காத ஒரு பொம்பளை!" முனகிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தார். "உங்க பையனுக்குப் பிடிவாதம் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது. பாவம் என் பொண்ணு."

"உங்க பொண்ணு மட்டும் லேசுப்பட்டவளா? அன்னைக்கு என் முகத்துக்கு நேராவே, 'உங்க பையன் சமைச்சாத்தான் கல்யாணம்'னு சொன்னவதானே!"

அவர் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தார். மரங்களின் நுனியில் மட்டும் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்பத் திரும்பினாக்கூடப் பெரிய ரோட்டைப் பிடிச்சிடலாம். இல்லேன்னா ராத்திரி நமக்கும் இங்கதான்."

"திரும்பற பேச்சே வேணாம்."

"சரி," என்றார். ஆக்சிலேட்டரை அழுத்தினார். வேன் பனியை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு பாய்ந்தது. துயாரா முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வளைவு தாண்டியதும் பாலம். அதன் நடுப்பகுதி எப்போதோ விழுந்துவிட்டிருந்தது.

"நேராகச் செல்லவும்," என்றது போன்.

"செல்லலாமே! அவளுக்கு ரெக்கை இருக்கு, நமக்கு?"

துயாரா கதவைத் திறந்து குதித்தாள். மூக்குக்குள் காற்று ஊசியாய் இறங்கியது. பாலத்தின் விளிம்புவரை ஓடி, கீழே உறைந்து கிடந்த ஆற்றை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தாள். ஆறு வளையும் இடத்தில் செங்குத்தாக ஒரு புகை. விறகுப் புகை இல்லை. டயர் எரிந்தால்தான் இவ்வளவு கருப்பு.

"சம்பந்தி!" கையை நீட்டினாள். "சம்பந்தி, அங்க பாருங்க!"

இருவரும் சரிவில் ஓடினார்கள். அவர் இடுப்பளவு பனியில் புதைந்தார். கையைப் பிடித்து இழுத்ததில் அவளும் விழுந்தாள். எழுந்தார்கள், மறுபடி ஓடினார்கள். கரையோரம் மூக்கைப் பனிக்குள் நுழைத்துக்கொண்டு ஒரு கார் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் நெருப்பு. நெருப்பருகே ஒரே கம்பளிக்குள் இரண்டு பேர்.

"அப்பா!"

நர்யானா ஓடிவந்து ஸ்பிரிடோன் மேல் விழுந்தாள். அவர் அவள் தலையில் கையை வைத்தபடி குழந்தை மாதிரி அழுதார். ஐதால் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். இமைகளில் பனி உறைந்திருந்தது. அம்மாவின் கோட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் மறுபடி பேசியது. அவன் முகம் தொங்கிப்போனது.

"அடக் கடவுளே! அம்மா, உங்களையும் இது ஏமாத்திடுச்சா?"

துயாரா மகனின் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள்.

"ஊரே உங்களைப் பெரிய ரோட்டுல தேடிட்டிருக்குடா. உன்னை இது எங்கெங்க ஏமாத்துச்சோ, அங்கெல்லாம் ஒண்ணு விடாம எங்களையும் ஏமாத்தட்டும்னுதான், காலையிலேர்ந்து இது சொன்ன பேச்சைத் தட்டாம வந்தோம்."