கர்த்தர் மட்டும் அறிந்த ஒருவர்

"திருப்பதி டாக்டரம்மாதான் எழுதியிருக்கணும். வேற யாருக்கு வரும் இந்தத் தமிழு?" என்றாள் ரத்னம்மா.

ஞாயிறு ஆராதனை முடிந்து, தேவாலயத்துக்கு வெளியே பெண்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாதர் சங்கத் தலைவி ரத்னம்மாவின் கையில் புத்தம் புதிய சிறு புத்தகம் ஒன்று இருந்தது. பக்கத்தில் நின்ற சுகிர்தம், செருப்பு காலிலேயே இருப்பதை மறந்து, தானும் தேடுவதுபோல் குனிந்தாள்.

அந்தப் புத்தகத்தை எழுதியது சுகிர்தம்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். நாலு பேர் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்குகிறவள். சந்திரகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சபையில் நடந்ததையெல்லாம் யாருக்கும் தெரியாமல் எழுதிவைத்தாள். இறந்துபோன அம்மாவின் கம்மலை விற்று, அத்தை வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுச் சித்தூருக்கு பஸ் ஏறி, கோவர்த்தனன் அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஆந்திரா-மெட்ராஸ் எல்லைத் தகராறுக்கு மனு அடிச்சு அடிச்சே நம்ம தமிழ் எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சும்மா. அங்கங்க மங்கலா வுழும், பாத்துக்கோ," என்ற கோவர்த்தனன், அட்டைக்கு வந்ததும் கேட்டார். "பேரு?"

பேர் போடுவது பெருமை. பெருமை பாவம் என்று அந்த வாரம்தான் போதகர் பிரசங்கித்திருந்தார்.

"'கர்த்தர் மட்டும் அறிந்த ஒருவர்'னு போடுங்க," என்றாள் சுகிர்தம். சொல்லும்போதே தன் தாழ்மையை நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது.

உள்ளுக்குள் அவள் போட்டிருந்த திட்டம் வேறு. பேர் இல்லாவிட்டால் சபையே தேடும். தேடினால் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்தால், வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஒத்துக்கொள்ளலாம்.

இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி சொல்லி, அச்சுக்காரர் புத்தகக் கட்டைத் தேவாலயத்தில் இறக்கிவிட்டுப் போனார். ஆளுக்கொன்று எடுத்துப் போனார்கள். படித்தார்கள். ஒருவரும் சுகிர்தத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த ஊரு ஆளாவே இருக்கலாமில்ல அக்கா? நம்ம கோயிலுக்குள்ள கோழி பூந்த கதையெல்லாம் வருதே," என்றாள் சுகிர்தம் இப்போது, ரத்னம்மாவிடம் மெதுவாக.

ரத்னம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. "கோழி பூராத கோயிலு எங்க கீது? ஆமா, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிட்ச்சே. உங்க மாமன் வூட்டுக்குப் போவணும்னா இனிமே வேற ராஜ்யமா?" என்று கேட்டவள், பதிலுக்குக்கூட நிற்காமல் நடந்துவிட்டாள்.

வீட்டில் அண்ணி செல்வி அடுப்படியில் இருந்தாள்.

"அந்தப் புஸ்தகம் படிச்சீங்களா அண்ணி?"

"படிச்சேன். அதுல ஒரு அண்ணி வர்றா. தெனமும் கொழம்புல உப்ப அள்ளிக் கொட்றா."

சுகிர்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திட்டினாலும் பரவாயில்லை, கண்டுபிடித்தால் போதும். "யாரைப் பாத்து எழுதியிருப்பாங்க?"

கரண்டி ஒரு நொடி நின்றது. "டாக்டரம்மாவோட அண்ணியா இருக்கும், பாவம். நீ துன்னு. ஆறிக்கினு கீது."

அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை.

அவளைப் பெற்ற நைனாவோ புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "தலகாணி தாழ்வா கீது," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் சுகிர்தம் ஒரு முடிவுக்கு வந்தாள். ஊர் கண்டுபிடிக்காவிட்டால் தானே போய் ஒத்துக்கொள்வது. ஆனால் அதிலும் தாழ்மை குறையக் கூடாது. 'அதை எழுதின பாவி நான்தான் ஐயா' என்ற வாக்கியத்தைக் கொட்டகையில் கன்றுக்குட்டி முன்னால் சொல்லிப் பார்த்தாள். 'பாவி'யில் குரல் கொஞ்சம் நடுங்க வேண்டும். கன்றுக்குட்டி பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதுவும் சபையில் சேர்ந்துவிட்டதுபோல் இருந்தது.

சாயங்காலம் போதகர் தன் வீட்டு முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் மேஜைமேல் விரித்து வைத்திருந்த புத்தகத்தைச் சட்டென்று மூடினார். அவளுடையதுதான்.

"என்னம்மா சுகிர்தம்?"

"ஐயா, இந்தப் புஸ்தகம்..."

"டாக்டரம்மா நல்லா எழுதியிருக்காங்க," என்றார் அவர் அவசரமாக.

"அவங்க இல்லீங்கய்யா. எழுதின..." ஒத்திகை பார்த்த வாக்கியம் பாதியிலேயே உடைந்தது. குரல் நடுங்கியது, இந்தத் தடவை தானாகவே. "பேர் வேணாம்னு நெனச்சது நெசம்தான். ஆனா யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், நல்லா கீதுன்னு மூஞ்சியப் பாத்து சொல்லிட்டா போதும்னு... எழுதினது..."

போதகர் பதறி எழுந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"சொல்லாதம்மா, உன் தாழ்மையக் கெடுத்துக்காத. அச்சுக்காரர் புஸ்தகக் கட்டை இறக்கும்போதே உன் பேரைச் சொல்லிட்டாரு. நாங்க இங்க புகழ்ந்தா மேல உனக்குக் கெடைக்கவேண்டிய பலன் போயிடுமேன்னு, உங்க நைனா, அண்ணி, ரத்னம்மா, மொத்தச் சபையும் முழங்கால் போட்டு உறுதி எடுத்திருக்கோம்: நீ பரலோகம் போற வரைக்கும் ஒருத்தரும் அதைப் பத்தி உன்கிட்ட வாயைத் திறக்கறதில்லைன்னு."