மஞ்சள் தூசி

பூசணிக் கொடியில் அன்று காலை விரிந்த பெண்பூ, வாசலில் வந்து நின்ற தேனீயைப் பார்த்து முகம் சுளித்தது.

"ஆண்பூவுல புரண்டுட்டு, காலெல்லாம் மஞ்சள் தூசியோட வந்து நிக்கிறியே. துடைச்சிட்டு உள்ளே வா."

தேனீ இலையில் காலை நன்றாகத் துடைத்துவிட்டு, தேனைக் குடித்துப் போனது. வீடு சுத்தமாக இருந்ததில் பூவுக்குத் திருப்தி. மதியம் அது வாடியது. மூன்றாம் நாள், அதன் அடியிலிருந்த பிஞ்சு வெம்பி உதிர்ந்தது.

பக்கத்து மொட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் அது விரிந்ததும் தேனீ வந்து, பழக்கத்தில் இலைப் பக்கம் காலை நீட்டியது.

"அதெல்லாம் வேண்டாங்க. அப்படியே வாங்க," என்றது பூ. "வீடு முழுக்க நடங்க."

மதியம் அந்தப் பூ வாடும்போது உள்ளெல்லாம் மஞ்சள் மிதிபட்டுக் கிடந்தது. மூன்றாம் நாள், அடியில் பிஞ்சு கனக்க ஆரம்பித்திருந்தது.