தடித்த புத்தகம்

“அண்ணே, இந்த ரெண்டுல எது நல்லாருக்கும்?” என்று கேட்டான், சாக வேண்டியவன்.

கேட்டது இசக்கித்துரையிடம். ஆளைக் காட்டிக்கொடுக்கத்தான் வந்திருந்தான். அவனோடு பேச்சு வைத்துக்கொள்ள வரவில்லை.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி சுயம்புலிங்கத்தின் புத்தகக் கடை. சனிக்கிழமை காலை பதினொரு மணி. எதிர்ப்புற டீக்கடை வாசலில் இரண்டு பைக்குகள் உறுமிக்கொண்டே நின்றன. மூன்று பேர், மூவரும் கூலிக்கு வந்த வெளியூர்க்காரர்கள். சட்டைக்குள் முதுகோடு அரிவாளைச் செருகியிருந்ததால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களுக்குச் சாக வேண்டிய சங்கரையும் தெரியாது, இசக்கித்துரையையும் தெரியாது. போட்டோ அனுப்பினால் நாளைக்குக் கேஸில் சாட்சியாகிவிடும் என்று, கூலி பேசிய இசக்கித்துரையின் சித்தப்பா கறாராகச் சொல்லிவிட்டார். எல்லாம் வாய்ப்பேச்சாக முடித்த ஏற்பாடு.

கடைக்குள் ஒருவன் இன்னொருவன் தோளில் கை போடுவான். யார் தோளில் கை விழுகிறதோ அவனை வெட்ட வேண்டும்.

பதினாறு நாளுக்கு முன்பு, கரிவலம்வந்தநல்லூர் பஸ் நிறுத்தத்தில், இசக்கித்துரையின் அண்ணன் பாண்டியராஜைப் பட்டப்பகலில் வெட்டிப் போட்டார்கள். வரப்புத் தகராறு. உடம்பில் இருபத்தியோரு வெட்டு. ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கொடுத்தபோது, வலது கை இருக்கிறதா என்று தடவித் தேடிப் பார்த்தவன் இசக்கித்துரைதான்.

வெட்டியவன் பாளையங்கோட்டை ஜெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கைக்கு எட்டியது அவன் தம்பி சங்கர். அஸ்திக் கலயம் இன்னும் வீட்டு வேப்பமரத்தில் தொங்குகிறது. ரத்தம் பார்த்த பிறகுதான் கரைப்பது என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

சங்கரைக் கோர்ட் வாசலில் தூரத்தில் வைத்து இசக்கித்துரைக்குக் காட்டியிருந்தார்கள். இசக்கித்துரை எட்டு வருஷமாகச் சென்னையிலேயே கிடந்ததால் அவன் முகம் சங்கருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பாவம் இவன் தலையில் வந்து விடிந்தது.

கெட்ட நேரம், சங்கர் கேட்ட கேள்வி இசக்கித்துரைக்குச் சோறு போடும் கேள்வி. ஒரு கம்பெனியின் லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலை அவனுக்கு. சங்கர் எழுதப்போகும் அதே சான்றிதழ்ப் பரீட்சையை இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாவது தடவை ஜெயித்தவன்.

சங்கரின் ஒரு கையில் ஒல்லிப் புத்தகம், முந்நூறு கேள்வியும் பதிலும். மறு கையில் தலையணை மாதிரி தடித்த ஒன்று. ஒல்லியைத்தான் பில் போடச் சொல்லி சுயம்புலிங்கத்திடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

தான் செய்த அதே தப்பை இன்னொருவன் செய்வதைப் பார்த்ததும் இசக்கித்துரைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அத வைடே. இந்தப் பரிச்சையில கேள்வி பதிலே கெடையாது. மெஷினக் கெடுத்து வச்சிட்டு, பாஸ்வேர்டும் குடுக்காம, உள்ள போயி சரிபண்ணுன்னு உக்கார வச்சிருவான். தடிமன எடு. பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல லினக்ஸப் போட்டு, தெனம் நீயே கெடுத்து நீயே சரிபண்ணு. மூணு மாசத்துல பாஸாயிருவே.”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. மூன்று நிமிஷம்கூட இல்லாதவனுக்கு மூன்று மாசம் சொல்லியிருக்கிறான்.

சங்கர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். செல்போனை எடுத்து, மூன்று மாசம் தள்ளி ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொண்டான்.

வீடு ஒழுகிய காலத்தில், இசக்கித்துரையின் புத்தகத்தை உரச்சாக்கில் சுற்றித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவன் பாண்டியராஜ். அந்த அண்ணனுக்காகவா, புத்தகம் வாங்க வந்த இவனை வெட்டக் கொடுப்பது?

முடியாது. ஆள் வரவில்லை என்று சித்தப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம். செருப்பால் அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். தவறிக்கூட எழும்பிவிடக் கூடாதென்று இசக்கித்துரை இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டான். பதினாறு நாளில் முதல் தடவையாக அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

“நீங்க பாஸ் பண்ணிட்டியளாண்ணே?”

“ஆமா. இந்தப் பக்கத்து ஆளுதான் நான்.”

“நம்ம ஊருக்காரரா!” சங்கருக்குத் தலைகால் புரியவில்லை. தடித்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி, மறு கையை இசக்கித்துரையின் தோளில் போட்டுச் சந்தோஷமாக ஓர் உலுக்கு உலுக்கினான்.

எதிர்ப்புறத்தில் இரண்டு பேர் பைக்கிலிருந்து இறங்கினார்கள்.

இசக்கித்துரை முதலில் சங்கருக்காகத்தான் பயந்தான். படியேறி வந்தவர்களின் கண்கள் சங்கரைத் தாண்டித் தன் முகத்தில் வந்து நின்ற பிறகுதான், கை யார் தோளில் விழுந்தது என்பது அவனுக்குப் புரிந்தது.

முன்னால் வந்தவன் சங்கரின் முழங்கையைப் பிடித்து மரியாதையாக ஒதுக்கினான். “நீ தள்ளிக்கோ தம்பி. உன் வேலை முடிஞ்சது.”

முதுகிலிருந்து அரிவாள் வெளியே வந்தது. சுயம்புலிங்கம் அலறிக்கொண்டு மேசைக்கடியில் விழுந்தார்.

‘நான் இல்லை, இவன்’ என்று சொன்னால் போதும். இசக்கித்துரை வாயைத் திறந்தான்.

கழுத்துக்கு வைத்த வெட்டு தோளில் இறங்கியது. பைக்குள் திணித்த கைகளை வெளியே எடுக்கக்கூட நேரமில்லை. ரத்தம் அலமாரி வரைக்கும் அடித்தது. சங்கர் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு மரமாக நின்றான். இரண்டாவது வெட்டுக்கு அரிவாள் மேலே போனது.

“நிக்காதடே,” என்றான் இசக்கித்துரை. “புஸ்தகத்த எடுத்துட்டு ஓடு.”